நூறு கட்டியவரின் ஐம்பது பாக்கி

நூறு ரூபாய்ப் பங்கை நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய ஒருவர், அதே பங்குக்கு இன்னும் ஐம்பது ரூபாய் கடன்பட்டிருக்கிறார் என்று சொன்னால் நம்புவீர்களா? திருச்சி பெரிய கடைவீதியில் மெத்தைக்கடை வைத்திருந்த ஷேக் தாவூதும் நம்பவில்லை. அவர் நம்பவில்லை என்பதற்காகக் கடன் அவரை விட்டுவிடவில்லை.

யாரிடமும் சல்லிக் காசு கடன் வாங்காதவர் அவர். கையில் சில்லறை இல்லையென்றால் டீக்கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் டீ குடிக்காமல் திரும்பிவிடுவார். பழைய பஞ்சை அடித்துப் புதுப் பஞ்சோடு கலக்கும் வித்தை கடைவீதியில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். செய்ததில்லை. மருங்காபுரிப் பக்கமிருந்து இலவம் பஞ்சு மூட்டைகளை பஸ் மேல் ஏற்றிக்கொண்டு வருவாள் பாப்பாயி. விலையைக் கூட்டிச் சொல்லிவிட்டுப் பேரத்துக்குக் காத்திருப்பாள். அவர் பேசாமல் பணத்தை எடுத்துக் கொடுப்பார்.

"கொறச்சுக் கேளுங்க பாய். ஒங்ககிட்ட யாவாரம் பண்ணா சண்டை போட்ட திருப்தியே இல்ல" என்பாள் அவள்.

"பாரம் தூக்கி வந்தவ நீ. ஒனக்குத் தெரியாதா வெல?" என்பார் அவர்.

அவருக்கும் மனைவி நஜீமாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அல்லிமால் தெருவில் ஒரு சிறிய ஓட்டு வீடு இருந்தது. ஓர் ஆசை இருந்தது: இருவருமாக ஒருமுறை ஹஜ்ஜுக்குப் போய் வர வேண்டும். கப்பலுக்கும் வழிச்செலவுக்குமாக நாலாயிரம் ரூபாய் வேண்டும். அது சுத்தமான பணமாக இருக்க வேண்டும். வட்டிக் காசு ஒன்றுகூட அதில் ஒட்டக் கூடாது. கடன் வாங்கிப் போகக் கூடாது. ஊரில் கடன் பாக்கியை வைத்துவிட்டும் போகக் கூடாது. இந்த யாத்திரையெல்லாம் எதற்கு என்று பகுத்தறிவுள்ளவர்கள் கேட்கலாம், கேட்க வேண்டியதுதான். ஆனால் வாலிபம் முழுவதும் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து ஒரு மனிதர் சேர்த்ததை இன்னொருவன் எடுத்துக்கொள்ள அந்தக் கேள்வி அனுமதிச் சீட்டு ஆகாது.

பணத்தை எங்கே வைப்பது? மெத்தைக்காரர் வேறெங்கே வைப்பார்? கடையின் பின்கட்டில் கிடந்த ஒரு நீலக்கோடு மெத்தைக்குள் துணிப்பையில் சுற்றி வைத்துத் தைத்திருந்தார். 1955-ல் ஒருநாள் அவர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், திருவானைக்காவல் கல்யாண வீட்டிலிருந்து வண்டிக்காரன் வந்தான். நஜீமா கடையில் இருந்தாள். நீலக்கோடு மெத்தை இரண்டு என்று அவன் கேட்க, அவள் இரண்டைக் காட்ட, அவன் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

ஷேக் தாவூது திரும்பி வந்து பின்கட்டைப் பார்த்தார். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். காவேரிப் பாலத்தில் வண்டி இல்லை. கல்யாண வீட்டுக்குள் அவர் நுழைந்தபோது, மெத்தை மேல் மாப்பிள்ளையின் தாய்மாமன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, கொஞ்சம் எந்திரிங்க. மெத்தையில ஒரு தையல் தப்பா விழுந்திருச்சு."

"பாய், எனக்கு எந்தத் தையலும் குத்தலியே. சொகமாத்தான் இருக்கு. நாளைக்கு வாங்க."

"எனக்குக் குத்துதுங்க."

கல்யாணக் கூட்டம் சுற்றி நின்று பார்க்க, அவர் மெத்தையைக் கிழித்துப் பையை எடுத்து நாலாயிரத்தையும் எண்ணிப் பார்த்தார். கூட்டம் சிரித்தது, தாய்மாமன், "நாலாயிரத்து மேல படுத்திருந்திருக்கேன், சொல்லியிருந்தா இன்னும் நல்லாத் தூங்கியிருப்பேனே" என்றார். அன்று மாலைக்குள் திருவானைக்காவலுக்குத் தெரிந்தது. மறுநாள் ஸ்ரீரங்கத்துக்கும் தெரிந்தது. அந்த வாரமே உத்தர வீதி பாங்க்கின் கிளை மானேஜர் ராகவாச்சாரி மெத்தைக்கடைப் படியேறினார்.

உத்தர வீதி பாங்க் லிமிடெட், ஸ்ரீரங்கத்தில் பிறந்து திருச்சியில் கிளை விட்ட பாங்க். மிராசுதார் ஒருவர் தலைவர். டைரக்டர்களில் ஒரு வக்கீல், ஒரு நகைக்கடைக்காரர், ஒரு தோல் வியாபாரி. தோல் வியாபாரி முஸ்லிம். கோயிலுக்கு வெள்ளிக்குடமும் பள்ளிவாசலுக்குச் சுவர்க்கடிகாரமும் கொடுத்த பாங்க் அது. பணம் பறிக்கும் விஷயத்தில் அந்த டைரக்டர்களிடம் இருந்த சமய ஒற்றுமை வேறெங்கும் பார்க்க முடியாதது.

"டெபாசிட் போடச் சொல்லி வரல பாய்" என்றார் ராகவாச்சாரி. "ஒங்க மார்க்கத்துல வட்டி கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? பங்கு வாங்கிக்கோங்கோ. பங்குன்னா வட்டி இல்லை. வியாபாரத்துல கூட்டு. லாபம் வந்தா லாபம், இல்லேன்னா இல்லை. தோல்மண்டி சாயபு பங்கு வச்சிருக்கார், அவருக்குத் தெரியாத மார்க்கமா?"

"ஒரு பங்கு என்ன வெலைங்க?"

"நூறு ரூபாய்ப் பங்கு. நூறு ரூபாய் கட்டணும்."

"நூத்துக்கு நூறு. அதோட முடிஞ்சுதா?"

"நூத்துக்கு நூறு" என்று திருப்பிச் சொன்னார் மானேஜர். முடிந்தது என்று அவர் சொல்லவில்லை. முடியவில்லை என்றும் சொல்லவில்லை.

அன்றிரவு சோறு போடும்போது நஜீமா கேட்டாள்: "ஏங்க, அந்தப் பேங்கு எதுலங்க லாபம் பாக்குது?"

"கடன் குடுத்து."

"கடன் குடுத்து வட்டி வாங்கித்தானே? வட்டியில வர்ற லாபம் மட்டும் எப்படிங்க சுத்தம்?"

"வட்டி வாங்குறது அவுங்க பாவம். நாம கூட்டாளி."

"பாவத்துல கூட்டாளி" என்றாள் நஜீமா. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். மெத்தைக்குள் மறுபடி வைக்கவும் பயம், வட்டிக்குப் போடவும் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் இருந்த ஒரே கதவை மானேஜர் திறந்து வைத்திருந்தார். நாற்பது பங்குகள் வாங்கினார். நாலாயிரமும் போயிற்று.

கிளை அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட பாலன்ஸ் ஷீட் தொங்கியது. அதில் ஒரு வரியை மானேஜர் விரலால் தொட்டுக் காட்டினார். "இது ஷேர் பிரிமியம். ரெண்டு லட்சம். ஒங்க பணமும் இதுக்குள்ள பத்திரமா இருக்கு." ஷேக் தாவூதுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த வரி இருக்கும் இடம் தெரியும்: மேலிருந்து நாலாவது, இடது பக்கம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து, வரி இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு போவார்.

அவர் பங்கு வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பாப்பாயியும் பஞ்சு விற்ற பணத்தில் அறுநூறு ரூபாயை அதே பாங்க்கில் டெபாசிட் போட்டாள். "பாயே போட்டிருக்காருன்னா நமக்கென்ன பயம்?" என்று மருங்காபுரியில் சொல்லிக்கொண்டாளாம்.

முதல் வருஷ லாபம் வந்தது. ஏழு சதவீதம் என்று தமுக்கடித்தார்கள். அவர் கைக்கு வந்தது நூற்று நாற்பது ரூபாய். நஜீமா விரல் விட்டுக் கணக்குப் போட்டாள்.

"நாலாயிரத்துக்கு ஏழு சதவீதம்னா எரநூத்தி எம்பதுல்ல வரணும்? பாதிதானே வந்திருக்கு. போயி என்னான்னு கேளுங்க."

"கேக்கக் கூடாது நஜீமா. இவ்வளவு தரணும்னு கேட்டு வாங்குனா அது வட்டி. குடுக்குறத வாங்கிக்கிட்டா லாபம்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த மனிதரின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு நிமிஷத்தில்தான் தவறிப்போயிற்று. லாபம் பாதியாக வந்ததற்குக் காரணம் இருந்தது. பாங்க்கின் கணக்கில் அவர் பங்குக்குக் கட்டியது ஐம்பதுதான். கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அன்று விற்றுவிட்டு வெளியே வந்திருக்கலாம். கேட்பதே பேராசை என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட வசதியான பக்தி வேறு உண்டா? நாலு வருஷம், ஒவ்வொரு வருஷமும், பாதி லாபத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தார்.

1960-ல் மலையாளத்துப் பக்கம் ஒரு பெரிய பாங்க் கவிழ்ந்தது. அந்தச் செய்தி பேப்பரில் வந்ததும், ஊரெல்லாம் பாங்க் வாசல்களில் கூட்டம் கூடியது. உத்தர வீதி பாங்க் வாசலிலும் கூடியது. பாப்பாயி முதல் பஸ் பிடித்து வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஷேக் தாவூது. அவர்கள் முறை வருவதற்குள் கதவை இழுத்துச் சாத்திவிட்டார்கள். சில மாதங்களில் பாங்க்கைக் கலைக்கும்படி உத்தரவாயிற்று. கணக்கு முடிக்க அரசாங்கத்திலிருந்து ஒரு கலைப்பு அதிகாரி வந்து உட்கார்ந்தார்.

"ஒங்களப் பாத்துத்தானே பாய் போட்டேன்" என்று மட்டும் சொன்னாள் பாப்பாயி. திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போனது போயிற்று, ஹஜ்ஜும் போயிற்று, இனி முதலிலிருந்து சேர்க்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்த சமயத்தில்தான், 1961-ல், இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் வந்தது. பாலக்கரையில் இருந்த வக்கீல் சகாயநாதனிடம் எடுத்துப் போனார். வக்கீல் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாய், நீங்க ரெண்டாயிரம் ரூபாய் கட்டணுமாம்."

"எனக்குத் தரணுமா, நான் கட்டணுமாங்க?"

"நீங்க கட்டணும். ஒங்க பங்கு நூறு ரூபாய்ப் பங்கு. அதுல அம்பதுதான் கட்டியிருக்கீங்க. மிச்சம் அம்பதை பாங்க் அப்ப கேக்கல. எப்ப வேணாலும் கேக்கலாம்னு வச்சிருந்தாங்க. இப்ப பாங்க் முழுகிருச்சு, டெபாசிட் போட்டவங்களுக்குக் குடுக்கணும், அதுனால கேக்குறாங்க. நாப்பது பங்குக்கு ரெண்டாயிரம்."

"நான் பங்குக்கு நூறு கட்டினேன் சார். ரசீது இருக்கு."

"நூறு கட்டினீங்க. அம்பது பங்குக்கு. இன்னொரு அம்பது பிரிமியம். அதாவது, பாங்க் நல்லா நடக்குது, அதுல பங்கு கெடைக்கிறதுக்காகப் பங்கு விலைக்கு மேல குடுக்குற பணம். அது பங்குக் கடன்ல கழியாது."

"அதுவும் என் பணம்தானே சார்? இந்தக் கையால எண்ணிக் குடுத்தது. அதை இந்த அம்பதுக்குச் சரிக்கட்டிக்கச் சொல்லுங்க."

வக்கீல் யோசித்தார். "இப்படிப் பாருங்க. ஒருத்தர் நூறு ரூபாய் மெத்தைக்கு அம்பது அட்வான்ஸ் குடுக்குறாரு. ஒங்க கடையில வாங்குற பெருமைக்காகன்னு இன்னொரு அம்பதும் வாங்கிக்கிறீங்க. மெத்தைப் பாக்கி தீர்ந்துச்சா?"

"பெருமைக்குன்னு எவனாவது அம்பது ரூபாய் வாங்குனா அவன் திருடன் சார்."

"சட்டத்துல அவன் பேரு டைரக்டர்" என்றார் சகாயநாதன்.

ஷேக் தாவூது விடவில்லை. "சொவத்துல மாட்டியிருந்தாங்களே, ரெண்டு லட்சம். நாலாவது வரி. அது அங்கேயேதான் இருக்கு, நேத்துகூட சன்னல் வழியாப் பாத்தேன். அதை எடுத்து டெபாசிட்காரங்களுக்குக் குடுக்கச் சொல்லுங்க."

"அது பெட்டியில இருக்குற பணம் இல்ல பாய். பாலன்ஸ் ஷீட்ல இடது பக்கம், பணம் யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு சொல்லும். வந்த பணம் எங்க போச்சுன்னு வலது பக்கம்தான் சொல்லும். நீங்க இத்தனை வருஷமா இடது பக்கத்தையே பாத்துக்கிட்டிருந்திருக்கீங்க."

"வலது பக்கம் என்னங்க போட்டிருக்கு?"

"கடன்கள்னு போட்டிருக்கு. தலைவரோட மச்சானுக்கு அரிசி மில்லு. நகைக்கடைக்காரர் மகனுக்கு சினிமாக் கொட்டகை. எதுவும் திரும்பி வராது."

 ஷேக் தாவூது கேட்டார்: "டைரக்டருங்களும் பங்குக்கு அம்பது கட்டுவாங்கதானே?"

அதற்கு வக்கீல் சொன்ன பதிலைத்தான் இந்த நாட்டின் பள்ளிக்கூடங்களில் பாடமாக வைக்க வேண்டும். டைரக்டர்கள் தங்கள் பங்குகளைச் சமையல்காரர் பெயருக்கும் கணக்குப்பிள்ளை பெயருக்கும் முன்பே மாற்றிவிட்டார்கள். மாற்றி ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் பாங்க் கவிழ்ந்தது. ஒரு வருஷம் தாண்டினால் பழைய பங்குதாரரைச் சட்டம் தொடாது. சமையல்காரரிடம் ஜப்தி செய்யக் கரண்டிதான் இருந்தது. ஆகவே சொந்தமாக ஒரு ஓட்டு வீடு வைத்திருந்த மெத்தைக்காரரைத்தான் சட்டத்தால் பிடிக்க முடிந்தது.

மறுநாள் அவர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனார். உத்தர வீதியில் ராகவாச்சாரியின் வீடு. மானேஜருக்கும் வேலை போயிருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. அந்த வீட்டு வாசலை ஷேக் தாவூது போன்றவர்கள் தாண்டும் வழக்கம் இல்லை. அவர்கள் பணம் தாண்டியிருக்கிறது.

"நூத்துக்கு நூறுன்னீங்களே சாமி" என்றார் ஷேக் தாவூது, தெருவில் நின்றபடி.

"நான் பொய் சொல்லலையே பாய். நூறு ரூபாய்ப் பங்குன்னேன், அது நிஜம். நூறு ரூபாய் கட்டணும்னேன், அதுவும் நிஜம். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேட்டேனே. அதோட முடிஞ்சுதான்னு கேட்டேனே."

ராகவாச்சாரி தலையைக் குனிந்துகொண்டார். "மேலேருந்து சொல்லச் சொன்னதைச் சொன்னேன். எனக்கும் பொண்ணு கல்யாணம் நின்னுபோச்சு." கதவைச் சாத்திக்கொண்டார்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. சகாயநாதனே சொன்னார்: வீட்டை நஜீமா பெயருக்கு எழுதிவிட்டு, கடன் கட்ட வழியில்லை என்று இன்சால்வென்ட் மனுப் போடலாம், வழக்கு இழுத்தடிக்கும், கடைசியில் வராத கடன் என்று அடித்துவிடுவார்கள். பெரிய மனிதர்கள் எல்லோரும் செய்ததுதான்.

"பொய் மனுவா சார்?"

"சட்டப்படி மனு பாய்."

"என் பேர்ல கடன்னு இருந்தா, கட்டாம நான் ஹஜ்ஜுக்குப் போக முடியாது. மவுத்தாகி மண்ணுக்குள்ள போனாலும் நிம்மதியாப் படுக்க முடியாது. அது போக, இந்தக் காசு யாருக்குப் போகுது? டெபாசிட் போட்டவங்களுக்கு. பாப்பாயிக்கு. என்னைப் பாத்துப் போட்டவ அவ."

கடன் வாங்காதவர், தன்னிடம் திருடியவர்களின் கணக்கைத் தன் கடன் என்று ஒப்புக்கொண்டார். மாதம் முப்பது ரூபாய்த் தவணை கேட்டார், கொடுத்தார்கள். தவணைக்கு ஆறு சதவீத வட்டி போட்டார்கள். வாழ்நாள் முழுவதும் வட்டியைத் தொடாதவர் முதன்முதலாக அதைத் தொட்டது, கட்டுவதற்காக. அந்த வார்த்தையைக் கேட்ட அன்று அவர் சாப்பிடவில்லை. "ஒங்க அல்லாவுக்குக் கண்ணு தெரியலியா?" என்று நஜீமா வெடித்தாள், உடனே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். நியாயமான கேள்வி, அவள் வாயைப் பொத்தியிருக்க வேண்டியதில்லை.

வாடகைக் கடையை விட்டுவிட்டார். வீட்டின் முன்பாதியைக் குடிக்கூலிக்கு விட்டுவிட்டு, பின்பாதியில் இருவரும் ஒண்டிக்கொண்டார்கள். தான் கடை வைத்திருந்த அதே வீதியில், இன்னொருவர் கடையில் கூலிக்குத் தைத்தார். புது முதலாளி பழைய பஞ்சைக் கலந்தபோது அவர் பார்க்காததுபோல் ஊசியைக் கோத்தார். அது அவருக்குக் கடனைவிட வலித்தது என்று நஜீமாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். மார்ச்சளி பிடித்து இருமல் விடாமல் வந்தது. மருந்துக்கு வைத்த காசு தவணைக்குப் போயிற்று.

ஒரு தடவை பாப்பாயி வந்தாள். "பாய், பேங்குலேருந்து ரெண்டாந் தவணை வந்துச்சு. ரூவாய்க்கு மூணு காசு. பதினெட்டு ரூவா" என்றாள் சந்தோஷமாக. அவர் சிரித்தார். அந்தப் பதினெட்டு ரூபாயில் தன் முதுகும் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, நஜீமா சொல்லிவிட்டாள். பாப்பாயி முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து அவர் மடியில் வைத்தாள். அவர் அதை எடுத்து அவள் பஞ்சு மூட்டை மேல் வைத்தார். மறுபடி அவள் வைத்தாள், மறுபடி அவர் வைத்தார். அவர்கள் இருவரும் வாழ்க்கையில் போட்ட ஒரே சண்டை அதுதான்.

1967-ல், இன்னும் முந்நூறு ரூபாய் பாக்கி இருக்கையில், ஷேக் தாவூது இருமலோடு இறந்துபோனார்.

பள்ளிவாசலில் ஜனாசா தொழுகைக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவருக்காக நெருங்கிய உறவினர் ஒருவர் எழுந்து, இவர் யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் என்னிடம் கேளுங்கள், அல்லது மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். நஜீமாவின் தம்பி கலீல் எழுந்து நின்று சொன்னான். யாரும் வாய் திறக்கவில்லை. கடைவீதியில் அவருக்குக் கடன்காரர் ஒருவரும் கிடையாது. இருந்த ஒரே கடன் கலைப்பு அதிகாரியின் அலுவலகத்தில் இருந்தது; அந்த அலுவலகம் ஜனாசாவுக்கு வராது. வந்திருந்தாலும், மன்னிக்க அதற்கு அதிகாரம் கிடையாது.

அப்போது வெளியே, சாலையோரத்தில் நின்றிருந்த பாப்பாயி, உள்ளேயிருந்து வந்த ஒருவரை நிறுத்திக் கேட்டாள்: "என்னங்க சொல்லுறாங்க உள்ள?" அவர் சொன்னார்.

"அப்ப எனக்குத்தானேங்க அவரு கடன்" என்றாள் பாப்பாயி. "அவரு கட்டுற காசு எனக்குத்தானே வருது. நான் விட்டுட்டேன்னு போய்ச் சொல்லுங்க. பாப்பாயி விட்டுட்டான்னு சத்தமாச் சொல்லுங்க."

அவர் உள்ளே போய்ச் சொன்னார். கலீல் அழுதான். தொழுகை நடந்தது.

அவள் விட்டுக்கொடுத்ததன் மதிப்பைக் கணக்குப் பார்த்தால் சில காசுகள் தேறும். சட்டத்தில் அதற்கு அதுகூட மதிப்பில்லை. நாற்பதாம் நாள் முடிவதற்குள் நஜீமாவுக்கு நோட்டீஸ் வந்தது. அண்டாவையும் காதில் இருந்ததையும் விற்று அவள் முந்நூறையும் கட்டினாள். தலைவரின் மச்சானுடைய அரிசி மில் இன்றும் ஓடுகிறது. சினிமாக் கொட்டகையில் நாலு காட்சி நடக்கிறது. நஜீமா இப்போது பின்பாதி வீட்டில் தலையணை உறை தைக்கிறாள். ஹஜ்ஜைப் பற்றி யாராவது பேசினால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட வேண்டாம். பெருமூச்சு யாருக்கும் பயன்படாது. உங்கள் பெட்டியில் பங்குப் பத்திரம் ஏதாவது இருந்தால் இன்றே எடுங்கள். அதை விற்றவரிடம் போய், பங்குக்காகக் கட்டியது எவ்வளவு, பிரிமியமாகப் போனது எவ்வளவு, இன்னும் பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். பேராசை என்று அவர் சொன்னாலும் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். பாங்க் சுவரில் பாலன்ஸ் ஷீட் தொங்கினால் வலது பக்கத்தை யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஒரு கார்டு வாங்கி உங்கள் பார்லிமெண்டு உறுப்பினருக்கு எழுதுங்கள்: பிரிமியம் வாங்கிய பாங்க் முழுகினால், அந்தப் பிரிமியத்தை முதலில் ஏழையின் பாக்கியில் கழிக்கச் சட்டம் செய்யுங்கள் என்று. எழுதி, உங்கள் பெயரைப் போட்டு, இன்றைக்கே தபாலில் சேருங்கள்.